மாங்கனி சொல்லிக்கொண்டு கிளம்பினாள்

ஒரு காட்டில், பட்டம் வாங்காத குரங்கு பந்தைத் தொட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. பட்டம் வாங்கிவிட்டால் அதே பந்துக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுவார்கள். அந்தக் காட்டில் மாங்கனி என்ற கருமந்தி, அரை மனதாகத் தாவரவியலும் முழு மனதாக வாலிபாலும் படித்து, இரண்டிலும் தேறியிருந்தாள். வலைக்கு மேலே எழும்பி அவள் ஓர் அடி அடித்தால், எதிர்ப்பக்கம் நிற்கிற காட்டெருமைகூடக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்த அடியை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். படம் மலை தாண்டி, பனிக்காட்டில் கரடிகள் நடத்தும் கிளப் வரைக்கும் போயிற்று. குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வந்த வரித்தலை வாத்துகளிடம் கரடிகள் சேதி சொல்லி அனுப்பின. "வாத்துகள் ஊர் திரும்பும்போது கூடவே வந்துவிடு. ஆட வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம். இந்தப் பருவம் தப்பினால் இடம் கிடையாது."

மாங்கனிக்குக் கால் தரையில் பாவவில்லை. குரங்குக்கு அது வழக்கம்தான் என்றாலும் இது வேறு மாதிரி. தன்னைவிட மூன்று மடங்கு உயரமானவர்கள் கையைத் தூக்கி மறித்து நிற்க, அவர்கள் தலைக்கு மேலே ஒரு பந்தையாவது அடித்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவள் மலையணில் வஞ்சி. மாங்கனியோடு வாலிபால் படித்துத் தேறியவள். ஒரு பொந்துத் தகராறில் வஞ்சி வீட்டோடு சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பாவம் வஞ்சி என்று காடே உச்சுக் கொட்டும்.

"பயிற்சி எங்கம்மா ஓடிப்போகுது?" என்றார் மாங்கனியின் அப்பா கிளையப்பன். "மொதல்ல சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்துடணும். நாளைக்கு ஒருத்தர், 'எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே'ன்னு கேட்டுட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடமாடுறது?"

"போன்ல சொல்லிடலாமேப்பா."

"துக்கச் சேதியத்தான் போன்ல சொல்லுவாங்க."

கிளம்பினார்கள். அந்தக் காட்டில் சொல்லிக்கொண்டு போவதென்றால் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவதல்ல. உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், போதும் என்று சொன்ன பிறகு இன்னொரு தடவை சாப்பிட வேண்டும். வழியில் இருக்கிறதே என்று சின்ன மாமா வீட்டுக்கு முதலில் போனது, பெரிய மாமாவின் காதுக்கு எட்டிவிட்டது. மூத்தவன் நான் இருக்க அவன் வீட்டுக்கா முதலில் போவது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டாம் தடவை போய்ச் சாப்பிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட சின்ன மாமா, அப்படியானால் என் வீட்டுக்கும் இரண்டாம் தடவை வரத்தானே வேண்டும் என்றார். நியாயம்தானே?

ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் ஏறியது. பெரியத்தை ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயைக் கட்டிக் கொடுத்தாள். "எம்மவன் அங்கதான இருக்கான், ஒரு எட்டு போய்க் குடுத்துடு கண்ணு."

"அத்தை, அவன் இருக்கறது வேற மலை. ரொம்பத் தூரம்."

"வெளிநாடுதான?" என்றாள் பெரியத்தை.

பெரிய மாமா கொடுத்தது அம்மிக்கல். மிக்ஸியில் அரைத்தால் சட்னியில் ருசி நிற்காதாம்.

இதற்கிடையில் ஒரு நாள் மாங்கனி தப்பித்து மைதானத்துக்கு ஓடினாள். வஞ்சி பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். மாங்கனி எழும்பினாள். பந்து அவள் தலைக்கு மேலே அதுபாட்டுக்குப் போயிற்று.

"ஒடம்பு போட்டுட்டடி," என்றாள் வஞ்சி.

"வேணாம்னு சொன்னா வாயில ஊட்டிவிடுறாங்கடி," என்று சொன்ன மாங்கனிக்கு அழுகை வந்துவிட்டது. "அன்பா ஊட்டுறாங்க. எப்படித் துப்புறது?"

வஞ்சி ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தாள். அவளுக்கு யாரும் ஊட்டியதில்லை.

வாத்துகள் புறப்படும் நாள் வந்தது. ஏரிக்கரையில் வழியனுப்பு விழா. ஃபிளெக்ஸில் மாங்கனி சின்னதாகவும், விழாக்குழுத் தலைவர் யானை அம்பாரியார் பெரிதாகவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யானையைச் சின்னதாகப் போட முடியாதல்லவா? மாலைகள் விழுந்தன, பொன்னாடைகள் விழுந்தன. அம்பாரியார் மைக்கைப் பிடித்து, வாலிபாலில் ஆரம்பித்துத் தன் இளமைக்காலத்துக்குப் போய்விட்டார்.

வாத்துக் கூட்டத்தின் தலைவி மாங்கனியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பொட்டலக் குவியலைப் பார்த்தாள்.

"இவ்வளவு பளுவோட எங்களால மலை தாண்ட முடியாது. ஒண்ணு, ஆள் வரட்டும். இல்ல, சாமான் வரட்டும். சீக்கிரம் சொல்லுங்க, காத்து மாறுது."

"அம்மிய எறக்கிடலாம்ப்பா," என்றாள் மாங்கனி மெதுவாக.

"ஆமாம்மா, எறக்கு," என்றார் பெரிய மாமா. "எல்லார் சாமானும் போகட்டும், என்னுதுதான் உங்களுக்கு எளக்காரம்."

"அப்ப ஊறுகாய..."

"ஊறுகாயில கைய வெச்சீங்க, இந்த ஜென்மத்துக்கும் ஒங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்றாள் பெரியத்தை.

கிளையப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. சொந்தங்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சாமான் மொதல்ல போகட்டும்," என்றார். "மாங்கனி நம்ம புள்ள. சொன்னா புரிஞ்சிக்கும்."

கூட்டம் கை தட்டியது. மாங்கனி ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தாள். யாரோ அதில் ஒரு லட்டை வைத்தார்கள்.

"சாமானப் பாத்துக்க ஒரு ஆள் வரணும்," என்றாள் வாத்துத் தலைவி. "லேசான ஆளா இருக்கணும்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த வஞ்சி, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். தலைவியின் பார்வை அவள் மேல் விழுந்தது.

"நீ வர்றியா? யார்கிட்டயாவது சொல்லிக்கணுமா?"

"எங்கூட யாரும் பேசறதில்லீங்க," என்றாள் வஞ்சி. பிறகு மாங்கனியிடம் வந்தாள். "போகட்டுமாடி?"

மாங்கனி லட்டைத் துப்பினாள். "போ. அம்மிய எங்கயாவது போட்டுடு. கரடிங்க தலைக்கு மேல ஒரு அடி அடி."

அம்பாரியார் நன்றியுரைக்கு வருமுன் வாத்துகள் மலைக்கு மேலே புள்ளியாகிவிட்டன.

பனிக்காட்டில் கரடிகள், வந்திறங்கியவளை ஆட வைத்துப் பார்த்தன. சேர்த்துக்கொண்டன. வஞ்சி எழும்பி அடிக்கும் படம் வந்ததும் காடு கொதித்தது. "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா பாரு! இதுக்குத்தான் சொந்தபந்தம் வேணுங்கறது!" எப்படியோ போய்ச் சேர்ந்த ஊறுகாயில் உப்பு கம்மி என்று பெரியத்தையின் மகனும் சேதி அனுப்பியிருந்தான்.

மாங்கனிக்கு மரியாதை குறையவில்லை. விளையாட்டு விழா எதுவானாலும் முதல் வரிசை நாற்காலி அவளுக்குத்தான். வெளிநாடு செல்லவிருக்கும் வீராங்கனை என்று அறிவிப்பார்கள். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்காருவாள்.

அடுத்த குளிருக்கு வாத்துகள் வந்தபோது அவளே ஏரிக்கரைக்கு ஓடிப்போய்க் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். திரும்பி வந்து, உச்சிக்கிளையில் ஏறி, யாரும் பார்க்காத பக்கமாக உட்கார்ந்து அழுதாள்.

கிளையப்பன் அடிமரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"விடும்மா, நல்லதுக்குத்தான்," என்றார். "போன தடவ அவசரத்துல சித்தப்பா வீட்டுக்குச் சொல்லாமயே விட்டுட்டோம்ல? எறங்கி வா, இப்பவே ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்."

நீதி: வெளிநாட்டில் போய் ஆட விரும்புகிறவர்கள், பட்டம் வாங்குவதற்கு முன்பே சொந்தக்காரர்களோடு சண்டை போட்டு முடித்துவிட வேண்டும்.