பெட்டி விஷயத்தில் நான் சொன்ன முடிவு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு நான் முடிவு செய்து வாங்கிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. சோபா அவள் முடிவு. திரைச்சீலை அவள் முடிவு. என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் மூக்குக்கண்ணாடியும் அவள் முடிவுதான். "ஃபிரேம் பிடிச்சிருக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டபோது பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டினேன்.

அதனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். டிவியோடு இணைத்து, வேண்டிய சினிமாவை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிற பெட்டி ஒன்றை வாங்கப் போகிறேன். நானே தேர்ந்தெடுத்து, நானே வாங்கி, நானே மாட்டப் போகிறேன்.

நான் ஒன்றும் லேசான ஆள் இல்லை. லிஃப்ட் பரிசோதகர். பெரிய பெரிய கட்டடங்களில் ஏறி, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நான் கையெழுத்துப் போடவில்லை என்றால் இருபது மாடிக்காரர்களும் மூச்சிரைக்கப் படியேறித்தான் ஆக வேண்டும். அத்தனை அதிகாரமும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சேர்ந்து கழன்றுவிடும்.

என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். அவள் பேசும்போதெல்லாம் எதிரில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு, வாய்க்குள் இரண்டு கருவிகளோடு மல்லாந்து படுத்திருப்பார். பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசிப் பேசியே பழகிவிட்டாள். வீட்டிலும் அதே பழக்கம்தான். கருவிகள் மட்டும் இல்லை.

இந்தப் பெட்டி ஆசையை எனக்குள் கிளப்பியவர் எதிர்வீட்டுக் கடிகாரக்காரர். கடிகாரம் பழுதுபார்ப்பவர், தனிக்கட்டை. பகலெல்லாம் எறும்பு அளவுச் சக்கரங்களைப் பார்ப்பதால், சாயங்காலம் பெரிதாக எதையாவது பார்த்தால்தான் கண்ணுக்கு ஆறுதல் என்பார். அவர் வீட்டுப் பெட்டியைப் பார்த்தேன். பாதி சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. அதற்குள் உலகத்துச் சினிமா அத்தனையும் இருக்கிறதாம். பட்டனை அழுத்தினால் படம் வீட்டுக்கு வரும்.

காலைச் சாப்பாட்டின்போது விஷயத்தை எடுத்தேன். ஒரு பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"எங்க கிளம்பறீங்க?" என்றாள்.

அந்தப் பெட்டி இல்லை, இந்தப் பெட்டி என்று விளக்கினேன். விளக்கி முடித்தபோது தட்டில் இருந்தது ஆறிப்போயிருந்தது. மேஜையின் அந்தப் பக்கத்தில் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. பேப்பருக்குப் பின்னால் என் மாமியார்.

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். முப்பத்துநாலு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொலைப் படம் என்றால் அவருக்கு உயிர். பாதிப் படத்திலேயே குற்றவாளி யார் என்று ஊகித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்வார். படம் முடிந்ததும் பிரித்துக் காட்டுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. படத்தைவிட அந்தக் காகிதத்தைப் பிரிக்கிற நிமிஷம்தான் அவருக்கு முக்கியம். மாப்பிள்ளை சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று மாமியார் சொன்னபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

மனைவி அசையவில்லை. அவளுக்குச் சினிமா மேல் கோபம் இல்லையாம், பெட்டி மேலும் கோபம் இல்லையாம். நான்தான் பிரச்சினையாம். படம் ஆரம்பித்த உடனே நான் தூங்கிவிடுகிறேன் என்றாள். அதற்கு ஆதாரங்களை அடுக்கினாள். தேதி, தியேட்டர், எந்த வரிசை என்பது வரை சொன்னாள். ஒரு போர்ப் படத்தில் நான் விட்ட குறட்டையைக் கேட்டுவிட்டு, முன் வரிசையில் இருந்தவர் தன் நண்பரிடம் "டாங்கி சத்தம் தத்ரூபமா இருக்கு" என்றாராம்.

"வாடகைக்கு எடுத்த படத்தை ரெண்டு நாளுக்குள்ள பார்த்து முடிக்கணுமாம். நீங்க ஒரு படத்தை முடிக்க ரெண்டு வாரம் ஆகும். தூங்கறதுக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா?"

லாட்ஜில் கொடுப்பார்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வாய்த் தண்ணீரோடு உள்ளே அனுப்பிவிட்டேன்.

கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடிகாரக்காரர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் டிவியில் மாட்டுவார். என்ன படம் என்பதை அவள் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் சொல்வாள். நான் கடைசி வரை முழித்திருந்தால் பெட்டி விஷயத்தில் என் பேச்சு. தூங்கிவிட்டால் அவள் பேச்சு. மாமியார் நடுவர். நான் சம்மதித்ததை அவர் பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன். காபியை இரட்டிப்பாக்கினேன். ஆபீஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில் செய்தி பார்த்துச் சோதித்தேன். தலைப்புச் செய்திகள் ஞாபகம் இருக்கின்றன. அதற்கப்புறம் மாமியார் என் தோளைத் தட்டி, சாப்பிட வாங்க என்றதுதான் ஞாபகம்.

உழைப்பு உதவாது, மூளைதான் உதவும் என்று அப்போது புரிந்தது. வெள்ளிக்கிழமை கடிகாரக்காரரைப் பிடித்தேன். என்ன படம் என்று கேட்டேன். உங்கள் வீட்டம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது என்றார். ஆனால் எந்த மனிதனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நூறு வருஷப் பழைய மணிக்கூண்டுக் கடிகாரம் ஒன்றை அவர் ஒரு காலத்தில் தனி ஆளாகச் சரிசெய்தார். அந்தக் கதையை முழுசாகக் கேட்க இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். பெண்டுலம் வளைந்த இடத்தில் 'அடடா' என்றேன். அச்சு முறிந்த இடத்தில் 'ஐயோ பாவம்' என்றேன். எழுந்து வரும்போது படத்தின் பெயர் என் சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, அந்தப் படத்தின் கதையைப் போனில் தேடிப் படித்தேன். யாரோ ஒரு புண்ணியவான் காட்சிக்குக் காட்சி எழுதி வைத்திருந்தார். ஒரு பெரிய பங்களா. ஒரு பணக்காரப் பெரியவர். உயில். சொந்தக்காரர்கள் ஆறு பேர். ஒரு டாக்டர். ஒரு சாவு. மூன்று தடவை படித்தேன். மோட்டாருக்கே ஒரு தடவை ஒப்பித்துக் காட்டினேன். பத்தாவது பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடிகாரக்காரர் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி எனக்கென்று சாய்மானம் இல்லாத ஸ்டூல் ஒன்றைப் போட்டிருந்தாள். நான் அதைப் பெருந்தன்மையாக நகர்த்திவிட்டு சோபாவில் சாய்ந்தேன். முழுக் கதையும் மண்டைக்குள் இருக்கிறவனுக்கு ஸ்டூல் எதற்கு?

படம் ஆரம்பித்தது. பங்களா வந்தது. நான் படித்த அதே பங்களா. மழை பெய்தது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து மருந்து குடித்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் ஆபத்து. மழைச் சத்தம் வேறு.

கண்ணைத் திறந்தபோது டிவி இருட்டாக இருந்தது. மூன்று பேர் கையிலும் டீ. நான் உடம்பை அசைக்காமல், கண்ணை மட்டும் திரையில் வைத்து, அப்போதுதான் படம் முடிந்த பிரமிப்பில் இருக்கிறவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். தூங்கினீர்களா என்று கேட்கவில்லை. குறட்டையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் ஒரு டீயை நீட்டிவிட்டு, "படம் எப்படி இருந்தது?" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. நடிப்பு பிரமாதம் என்றேன். அந்த டாக்டர் மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு கண் என்றேன். கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். டீ புரை ஏறியிருக்கும் என்று நினைத்தேன். உயிலில் கையெழுத்தை மாற்றியது மூத்த மருமகன், அவனுக்கு உடந்தை தோட்டக்காரி என்றேன். கடிகாரக்காரர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். கதையின் ஆழத்தில் சொக்கிப்போய் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். மாமியார் கையில் இருந்த பேனா நின்றது. ஆகா, அவருக்கே புரியாத இடத்தை நான் எடுத்துச் சொல்கிறேன் என்று இன்னும் உற்சாகம் வந்தது.

"எல்லாத்தையும் விட அந்தக் கடைசிக் காட்சிதான். சவப்பெட்டியைத் திறந்தா உள்ள செங்கல். பெரியவர் சாகவே இல்லை. டாக்டரும் அவரும் சேர்ந்து போட்ட நாடகம். எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு."

கூடத்தில் சத்தமே இல்லை. பாராட்டுக்கு முன்னால் வரும் மௌனம் என்று காத்திருந்தேன்.

"பெரியவர் செத்துட்டாரா?" என்றாள் மனைவி.

"சாகலைன்னுதானே சொல்றேன்."

"இல்ல, நாங்க பார்த்த வரைக்கும் அவருக்கு இருமல்தான் வந்திருக்கு."

படம் முடியவில்லை. டீ போடுவதற்காகப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாமியார் தன் காகிதத்தில் பெயர் எழுதுவதற்காக அவகாசம் கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவர் மடியைப் பார்த்தேன். துண்டுக் காகிதத்தில் ஒரே ஓர் எழுத்து எழுதியிருந்தது. மிச்சம் எழுத இனி அவசியம் இல்லை.

மாமியார் பேனாவை மூடினார். குரலை உயர்த்தவில்லை.

"மாப்பிள்ளை, முப்பத்துநாலு வருஷம் கோர்ட்டுல இருந்தேன். ஒரு கேள்வி கேட்டதுக்கு இத்தனையும் ஒத்துக்கிட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை."

கடிகாரக்காரர் பெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சப் படத்தை யாரும் பார்க்கவில்லை. மாமியார் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. பந்தயத்தில் தோற்றது பெரிதில்லை. ஒரு மனுஷியின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டேன். போய் மன்னிப்புக் கேட்டேன். இனி இந்த வீட்டில் பெட்டி என்ற வார்த்தையே என் வாயில் வராது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் டீயைக் குடிங்க, ஆறுது என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, டிவிக்குக் கீழே பாதி சோப்புக்கட்டி அளவில் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மாமியார் மறுபடி பேனாவோடு சோபாவில். மனைவி ரிமோட்டோடு பக்கத்தில்.

அது வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஆர்டர் செய்த தேதி, பந்தயம் வைத்ததற்கு முந்தின வாரம். நான் பல் தேய்த்துத் தீர்மானம் போடுவதற்கு மூன்று நாள் முன்னால்.

"நீ முன்னாடியே வாங்கிட்டியா? அப்புறம் எதுக்குப் பந்தயம்?"

"எப்படியும் வரத்தான் போகுது. நீங்க ஜெயிச்சிருந்தா நீங்க வாங்கினதா இருந்திருக்கும். நானும் அப்படித்தான் இருக்கட்டும்னு பார்த்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

திரையில் 'யார் பார்க்கிறீர்கள்?' என்ற கேள்வி வந்தது. கீழே வரிசையாகப் படங்கள். ஒரு ரோஜாப்பூவுக்கு அடியில் அவள் பெயர். ஒரு தராசுக்கு அடியில் மாமியார் பெயர். எதிர்வீட்டுக்காரருக்குக்கூட ஒரு கடிகாரம் போட்டு இடம் ஒதுக்கியிருந்தாள். ஓரத்தில் ஒரு மஞ்சள் வாத்துக்குஞ்சு. அதன் கீழே 'குழந்தைகள்' என்று இருந்தது. மகள் காலேஜ் விடுதிக்குப் போய் ஒரு வருஷமாகிறது, இப்போது வீட்டில் ஏது குழந்தை என்று கேட்டேன்.

"அது உங்களுக்குத்தான். அதுல கொலைப் படம் எதுவும் வராது, முடிவைச் சொல்லிடுவீங்கன்னு அம்மாவுக்குப் பயமில்லை" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "வாத்து பிடிக்கலைன்னா கரடி இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

ஒரு நாள் முழுக்க யோசித்து, கரடி என்றேன்.

"கரடியா?" என்றாள்.

வாத்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.