சம்பந்திக்கு ஒரு சிவப்புச் சட்டி

"வெள்ளைக் குழம்பா? என்ன சம்பந்தி நீங்க! சோங்கிங் வரைக்கும் வந்து வெள்ளைக் குழம்பு குடிச்சுட்டு வந்தேன்னு சொன்னா, குவாங்சோவுல எங்க வீட்டு நாய்கூட என்னை மதிக்காது!"

நூடுல்ஸ் கடை வாசலில் நின்று லியாங் இப்படி முழங்கியதும், சாயங்கால விருந்துக்கு ரான் போட்டிருந்த திட்டம் தவிடுபொடியானது.

அன்று காலை ரான் துள்ளிக்கொண்டுதான் எழுந்தார். ஒரே மகள் யின்யின்னுக்குக் குவாங்சோவில் மாப்பிள்ளை அமைந்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா லியாங், ஊர் பார்க்கவும் கல்யாணத் தேதி பேசவும் முதல்முறையாக வந்திருந்தார். குவாங்சோக்காரர்கள் மிளகாயைக் கண்டால் காத தூரம் ஓடுபவர்கள். அப்படி ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போனால், நடுவில் தடுப்பு வைத்த சட்டியைத் தைரியமாகக் கேட்கலாம். மேசைமேலேயே ஒரு பக்கம் மிளகாய்ச் சிவப்புக் குழம்பு கொதிக்கும், மறுபக்கம் காரமில்லாத வெள்ளை; இறைச்சியை அதில் முக்கி வேகவைத்துத் தின்ன வேண்டியதுதான். விருந்தாளியைச் சாக்கு வைத்து, ரானும் வெள்ளைப் பக்கத்தில் கைவைக்கலாம்.

ஏனென்றால், காரத்துக்குப் பேர்போன சோங்கிங்கில் பிறந்து, சோங்கிங்கிலேயே லிஃப்ட் ரிப்பேர் பார்த்து வயிறு வளர்க்கும் ரானுக்குக் காரம் ஆகாது. நாக்கு எரியும், காது அடைக்கும், மறுநாள் வேலைக்குப் போக முடியாது. இது அவர் மனைவி சுஃபென்னுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு முதல் விருந்தில், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்களே என்று, "இன்னும் கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தார். நுணலும் தன் வாயால் கெடும். அன்று போட ஆரம்பித்த சுஃபென் இன்றுவரை போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது இறைச்சித் துண்டுகளைத் தேநீரில் அலசித் தின்றே இவர் காலத்தை ஓட்டிவிட்டார்.

போதாக்குறைக்கு, போன மாதம் போனில் லியாங் ஒரு வார்த்தை சொன்னார்: "காரம் தின்கிற வீட்டுப் பொண்ணுன்னா மனசுல ஒளிவுமறைவு இருக்காது. அதனாலதான் இந்தச் சம்பந்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

ரான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுல குழந்தைக்குப் பல்லு முளைச்சதும் கையில மிளகாயைத்தான் கொடுப்போம்!" என்று அளந்துவிட்டார்.

இப்போது அந்தச் சம்பந்தி வெள்ளைக் குழம்பு வேண்டாம் என்கிறார். தேதி இன்னும் குறிக்கவில்லை.

"சரி, முதல்ல நூடுல்ஸ் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு, ரான் கடைக்காரியிடம் குனிந்து கிசுகிசுத்தார். "ஒண்ணு மட்டும் காரமில்லாம குடும்மா."

"ஏய்! ஒண்ணு காரமில்லாம!" என்று அவள் தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினாள். "யாருக்கு அங்கிள், கைக்குழந்தைக்கா?"

லியாங் திரும்பிப் பார்த்தார். ரான் சட்டென்று குரலை உயர்த்தினார்.

"யாரும்மா சொன்னா? நல்லா காரமா போடுன்னுல்ல சொன்னேன்!"

"அப்படிச் சொல்லுங்க!" என்று அவள் மிளகாய் எண்ணெயை இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

இருவரும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே மலைச்சரிவில் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் மெட்ரோ ரயில் நுழைந்துகொண்டிருந்தது.

"ஐயோ! ஐயோ சம்பந்தி, பாருங்களேன்! ரயில் வீட்டுக்குள்ள போகுது!" லியாங் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். "மேல இருக்கிறவங்களுக்குச் சத்தம் கேக்காதா? சோறு கொட்டாதா?"

"பழகிடுச்சு" என்றார் ரான். அதற்குமேல் பேச நாக்கு ஒத்துழைக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்ன சம்பந்தி, கண்ணுல தண்ணி?"

"பொண்ணைக் கட்டிக்கொடுக்கப் போறோமேன்னு…"

லியாங்குக்கும் கண் கலங்கியது. "எனக்கும் அதே நினைப்புதான்" என்று மூக்கைச் சிந்தினார். பாசக்கார மனிதர் என்று ரான் நினைத்துக்கொண்டார். ஆனால் மனிதருக்கு ஊர் பார்க்கிற வெறியில் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாய் தின்பார், ஒரு ரயில் வரும், எழுந்து ஓடிப் படம் எடுப்பார். கடைசியில் கிண்ணம் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

மதியம் ஆற்றுக்குமேல் கம்பியில் தொங்கும் வண்டியில் போனார்கள். லியாங் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு குழந்தைபோலக் குதித்தார். "கீழ கப்பல்! மேல பாலம்! அதுக்கும் மேல ரோடு! அந்த ரோட்டுமேல மறுபடி வீடு! இந்த ஊரை யாரு சம்பந்தி, மடிச்சு மடிச்சு வச்சது?" அப்புறம் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் நுழைந்து, லிஃப்டில் மேலே போய், இருபத்திரண்டாம் மாடியில் இறங்கினார்கள். அங்கே இன்னொரு தெரு, பஸ், மரத்தடியில் சீட்டாடும் கூட்டம். லியாங்குக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் கீழே போய் மறுபடி மேலே வந்து பார்த்தார். தன் ஊரை ஒருவர் இப்படிக் கொண்டாடுவதைப் பார்க்க ரானுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஆனால் சாயங்காலச் சட்டியை நினைத்ததும் வடிந்துவிட்டது.

லியாங் லிஃப்டில் கீழே போயிருந்த நேரம் பார்த்து, ரான் பெங் அக்காவுக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்கு அவளுடைய சட்டிக் கடையில்தான் முன்னமே இடம் சொல்லி, லியாங்குக்கும் கடைப் பெயரையும் போன் நம்பரையும் அனுப்பியிருந்தார்.

"அக்கா, சட்டி சிவப்பா இருக்கணும். ஆனா மிளகா இருக்கக் கூடாது. தக்காளி, குடைமிளகா, எதையாவது போட்டுச் சிவக்க வைங்க. எங்க சம்பந்திக்குத் தெரியக் கூடாது. முக்கியமா என் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

மறுமுனையில் பெங் அக்கா நெடுநேரம் சிரித்தாள். "என்னதான் ஆச்சோ இன்னைக்கு எல்லாருக்கும்! சரி, வாங்க."

சாயங்காலம் சுஃபென்னும் வந்து சேர்ந்துகொண்டாள். மேசை நடுவே சட்டி ரத்தச் சிவப்பாகக் கொதித்தது. ரானுக்கே பயமாக இருந்தது. மாட்டுக் குடலை எடுத்து, ஊர் வழக்கப்படி ஏழு தரம் மேலே எட்டு தரம் கீழே என்று முக்கி, பூண்டு எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டார். இதமாக இருந்தது! பெங் அக்கா தெய்வம்!

"ஸ்ஸ்ஸ்! ஆ! காரம்னா இது காரம்!" என்று நடிக்க ஆரம்பித்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், லியாங் அவரைவிடத் துடித்தார். "ஹா! ஹூ! தீ சம்பந்தி, தீ! உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது!" கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

தக்காளிக் குழம்புக்கா இந்தப் பாடு? குவாங்சோ நாக்கு அவ்வளவு மென்மையா? ரானுக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "பயப்படாதீங்க சம்பந்தி, போகப் போகப் பழகிடும்" என்று வாத்துக் குடலை அவர் கிண்ணத்தில் அள்ளிப் போட்டார்.

அப்போதுதான் சுஃபென் சாப்ஸ்டிக்கை மேசையில் டக்கென்று வைத்தாள்.

"இது என்ன, பாத்திரம் கழுவின தண்ணியா? காரமே இல்லையே!"

ரான் மேசைக்கடியில் அவள் கால் என்று நினைத்து ஒரு காலை மிதித்தார்.

"ஐயோ!" என்று லியாங் அலறினார்.

"பாருங்க, அவருக்கே காரம் தாங்கல" என்றார் ரான் அவசரமாக. "இது போதும்மா."

"எது போதும்? வந்த சம்பந்தி நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு? பெங் அக்கா! நல்ல மிளகா எண்ணெய் இருந்தா கொண்டாங்க! சோங்கிங்காரங்க வந்திருக்கோம்னு தெரிய வேண்டாமா?"

"சம்பந்தியம்மா, எனக்காகச் சிரமப்பட வேண்டாம்" என்றார் லியாங் பலவீனமாக.

"சிரமமா? உங்களுக்கு இல்லாத காரமா!"

பெங் அக்கா ஒரு பெரிய கரண்டி நிறையச் செக்கச்செவேலென்று எண்ணெய் கொண்டுவந்து சட்டியில் ஊற்றினாள். ரானைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூட இல்லை. அவள் கைவிட்டுவிட்டாள் என்று ரானுக்குப் புரிந்தது. மனைவியும் சம்பந்தியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துண்டை எடுத்து ஊதாமல் விழுங்கினார்; அதைப் பார்த்து லியாங்கும் ஒன்றை அப்படியே விழுங்கினார். ரானுக்கு நாக்கு எரிந்தது. தொண்டை எரிந்தது. காது அடைத்தது. இன்னொரு துண்டு. உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால், லியாங்கின் நாற்காலி காலி. "கை கழுவப் போனார்" என்றாள் சுஃபென்.

"நானும் கழுவிட்டு வந்துடறேன்" என்று ரான் பாய்ந்து அடுப்படிக்குள் நுழைந்தார். காரத்தைத் தணிக்கும் சோயாப் பால் பாட்டில் பெட்டியைத் தேடினார். பெட்டிமேல் லியாங் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பாட்டில், காலடியில் இரண்டு காலி பாட்டில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சமையல் குறிப்பு கேக்க வந்தேன்" என்றார் லியாங்.

"மீன் வெந்துச்சான்னு பாக்க வந்தேன்" என்றார் ரான், அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தபடியே.

வாசலில் பெங் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "போதும் உங்க நாடகம்! குவாங்சோ ஐயா நேத்தே போன் பண்ணிட்டாரு, 'மிளகா வேண்டாம், எங்க சம்பந்திக்குத் தெரிஞ்சா அவமானம்'னு. இவரு மதியம் பண்ணினாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு!"

லியாங் முகம் சிவந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ரானும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருவரும் அந்தப் பெட்டிமேலேயே தோளில் கைபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"கல்யாணத்தை வசந்தத்துலயே வச்சுடுவோம் சம்பந்தி" என்றார் லியாங், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விருந்துல வெள்ளைச் சட்டி!"

"வைக்கலாம். ஆனா இந்த வாய் எரிச்சல் அதுக்குள்ள ஆறணுமே" என்றார் ரான். "ஏன் அக்கா, அவ கேட்டான்னு அவ்வளவு பெரிய கரண்டியில ஊத்தணுமா? என் பெண்டாட்டிக்கு வேணா அது சர்க்கரைத் தண்ணி. நாங்க மனுஷங்க இல்லையா?"

"கொதிக்கிறதை ஊதாம முழுங்கினா எரியத்தான் செய்யும். அந்தக் கரண்டியிலயும் ஒரு மிளகா கிடையாது" என்றாள் பெங் அக்கா. "உங்க வீட்டம்மா காலையிலயே போன் பண்ணிட்டாங்க: 'சட்டியில மிளகா வேண்டாம், நான் மிளகா கேட்டுக் கத்துவேன், நீ சும்மா சிவப்பா எதையாவது ஊத்து அக்கா, இருபத்தெட்டு வருஷமா அந்த மனுஷனுக்காகக் காரம் தின்னு வயிறு புண்ணாப் போச்சு, இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியாச் சாப்பிடறேன்'னு."