வெறுங்காலோடு விருந்துக்குப் போனேன்

தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில் அந்த வயதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்தில் மனைவி இருந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. கம்பெனியின் ஆண்டு விழா விருந்து ஊரிலேயே பெரிய ஓட்டல் ஒன்றில் ஏற்பாடாகியிருந்தது. பம்பாயிலிருந்து ஜெனரல் மேனேஜர் மனைவியோடு வருகிறார். ஹெட் கிளார்க் நாற்காலி யாருக்கு என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். (மனசுக்குள் நான் ஏற்கெனவே அதில் உட்கார்ந்தாகிவிட்டது.) மதராஸ் அதிகாரி ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. அவருக்குப் போட்டிருந்த அறையில் என்னையும் என் மனைவி சரோஜாவையும் தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார் எங்கள் மேனேஜர்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினோம். எங்கள் வீடு மொத்தமும் அந்தக் குளியலறைக்குள் அடங்கிவிடும். மெத்தை அழுக்காகிவிடுமோ என்று சரோஜா அதன் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் விருந்துக்குக் கிளம்பி வெளியே வந்தால், வராந்தா நெடுக அறைவாசல்களில் ஜோடி ஜோடியாக ஷூக்கள். பாலிஷ் போடுவதற்காக வெளியே வைத்தவை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"பாத்தியா? இங்க தங்கறவங்க ஷூ போட்டுக்கிட்டு சுத்தக் கூடாது. கம்பளம் பாழாயிடும்ல?"

"யார் சொன்னாங்க?"

"இதெல்லாம் சொல்லுவாங்களா? நாமளே பாத்து நடந்துக்கணும்."

ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தேன். சரோஜா மட்டும் செருப்பைக் கழற்ற மறுத்துவிட்டாள். (புதுச் செருப்பு.)

கீழே பாண்டு வாத்தியம், சென்ட் வாசனை, முகம் தெரியும்படி மெழுகு போட்ட மரத்தரை. நடுவில் நான். மேலே கோட்டு, டை. கீழே பத்து விரல்கள்.

"என்னங்க, எல்லாருமே ஷூ போட்டிருக்காங்களே!"

"அவங்கல்லாம் ரூம் எடுக்காதவங்க. பேசாம வா."

மேனேஜர் என்னை ஜெனரல் மேனேஜரிடம் அறிமுகப்படுத்தினார். கை குலுக்கினோம். அவர் மனைவியும் புன்னகையோடு ஓரடி முன்னால் வந்தார். அவருடைய ஹைஹீல்ஸ் என் கால் பெருவிரல் மேல் இறங்கியது.

"ஐயோ, எம்மா!"

பாண்டு நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஏன்ரீ இது? ஷூ எல்லி?" என்று, ஷூ எங்கே என்று கேட்டு, மேனேஜர் கன்னடத்தில் பல்லைக் கடித்தார். ஹெட் கிளார்க் நாற்காலி மட்டுமா, குமாஸ்தா ஸ்டூலும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது சரோஜா கணீரென்று சொன்னாள்: "அவருக்கு விரதம் சார். முருகனுக்கு வேண்டிக்கிட்டிருக்காரு. ஒரு மண்டலம் செருப்பே போட மாட்டாரு. இன்னிக்குச் சாயங்காலம்தான் ஆரம்பிச்சாரு."

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஜெனரல் மேனேஜரின் மனைவி என் நசுங்கிய விரலைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

தப்பித்தேன் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பொன்னிறமாக வறுத்த கோழி என்னை நோக்கி வந்தது. அந்த அம்மாள் பதறிப்போய், பரிமாற வந்த பேரரைத் தடுத்து, எனக்கென்று பாலும் இரண்டு வாழைப்பழமும் வரவழைத்தார். பக்கத்தில் சரோஜா கோழிக்காலை ஒரு கை பார்த்தாள்.

அறைக்கு வந்ததும், "நாளைக்கு விரதம் முடியுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பாய்ந்தேன்.

"அவசரத்துல வாயில வந்ததைச் சொன்னேன். கோழி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

அப்புறம் மிச்சமிருந்த நாட்கள் முழுக்க, தார் உருகும் வெயிலில், வெறுங்காலோடுதான் ஆபீஸ் போனேன். மேனேஜர் தினமும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலைப் பார்ப்பார். பியூன் என்னிடம் விபூதி கேட்க ஆரம்பித்தான். மண்டலம் முடிவதற்குள் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது: இவ்வளவு பக்தியுள்ள மனிதரையே ஹெட் கிளார்க் ஆக்கலாம்.

அந்தப் பதவியிலிருந்தே ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் செருப்பைக் காணோம் என்று நான் வாசலில் தேடினால் போதும், உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுப்பாள்: "இன்னும் எத்தனை நாள்ப்பா பாக்கி?"