ஒன்பதாம் அத்தியாயம் இன்னும் திறக்கவில்லை

எல்லாருக்கும் திறந்து கிடக்கும் ஒன்றைத் தன் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிற மனிதரை என்னவென்று அழைப்பது? கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரியில் படித்த ஷிஹாராவுக்கு அப்போது தெரியவில்லை. பிறகு பெயர் வைத்துவிட்டாள்: படிப்படியார்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். மாற்றத்துக்கு அவர் எதிரியா? இல்லவே இல்லை. முதலில் கைதட்டி வரவேற்பவரே அவர்தான். பிறகு அதை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஷிஹாராவின் பொருளியல் விரிவுரையாளர் நாகேந்திரம் சேர், இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கவும் திருத்தவும் கூடிய ஒரு திறந்த பாடநூலை வகுப்பில் அறிமுகப்படுத்தினார். அதன் அருமை பற்றி ஒரு மாதம் பேசி, அட்டையைத் திரையில் காட்டி, முன்னுரையை மட்டும் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "பிள்ளையள், முதல்ல இதைச் சீரணிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, நூலின் உதாரணங்களில் இருந்த அப்பிள்களையெல்லாம் ஆசையாசையாகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களாக மாற்றி, அவர் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது பரீட்சை வாசலில் நின்றது. வெளியார் நடத்தும் பரீட்சை. முழு நூலும் வரும். ஷிஹாரா ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இதுதான் கடைசி வாய்ப்பு.

அவள் முழு நூலையும் தானே இறக்கிப் படித்தாள். ஒருநாள் கையை உயர்த்தினாள்.

"சேர், ஒம்பதாம் அத்தியாயத்துல ஒரு எடம் வெளங்கல்ல."

"ஒன்பதோ? அது இன்னும் திறக்கேல்லையே, பிள்ளை!"

"நெட்ல தொறந்துதான் ஈக்கி, சேர்."

"நெட்டில திறந்திருக்கும். எங்கட வகுப்பில திறக்கேல்லை."

பின்வரிசையிலிருந்து கஜீவன், சாவியைத் திருப்புவதுபோல் கையைக் காட்டிக் கேட்டான்: "திறப்பு ஆரிட்ட, சேர்?"

வகுப்பு சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் திறந்தார்.

ஷிஹாராவும் கஜீவனும் கன்டீனில் உட்கார்ந்து, தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை பிடித்து, ஒன்பதாம் அத்தியாயத்தை விளங்கிக்கொண்டார்கள். பரீட்சையில் பெரிய கேள்வி அதிலிருந்தே வந்தது. அவள் சித்தியடைந்தாள்.

நாகேந்திரம் சேருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியளோ? எல்லாத்தையும் ஒரேயடியாக் குடுத்திருந்தா, இந்தப் பிள்ளை குழம்பியிருக்கும்!"

ஷிஹாரா சிரித்துத் தலையாட்டினாள். பாவம், அவர் உண்மையாகவே மகிழ்ந்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? தயவுசெய்து இந்தக் கதையை உங்கள் நண்பர்களுக்கு அனுப்புங்கள். 'முதலில் பாதியை அனுப்பிப் பார்ப்போம், தாங்குவார்களோ தெரியாது' என்று உங்கள் விரல் தயங்கினால், வணக்கம், படிப்படியாரே.