மேடம் கேட்ட மூடின லொறி

யாராவது என்னை "மேடம்" என்று கூப்பிட்டால் என் மூளையில் பாதி அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். மிச்சப் பாதி, கூப்பிட்டவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும். இந்தக் குறைபாட்டை நான் கண்டுபிடிக்க ஒரு விலை உயர்ந்த கார் தேவைப்பட்டது. அதுவும் என் கார் இல்லை. என் சித்தப்பாவின் கார்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. முல்லைத்தீவுக் கச்சேரியில், அந்த மாவட்ட அரச அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வீடு முள்ளியவளையில். அலுவலகத்தில் பெரியவர் முதல் தேத்தண்ணி போடுபவர் வரை எல்லோரும் என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்கள். (நாற்பது கிலோவைத் தாண்டாத ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது?) ஆனால் வீட்டில் நான்தான் பெரிய ஆள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், கணினியில் கட்டம் போட்டுக் கணக்குக் காட்டுவேன், கார் ஓடும் அனுமதிப்பத்திரம்கூட வைத்திருந்தேன். (எடுத்த நாளுக்குப் பிறகு காரைத் தொட்டதில்லை என்பது வேறு கதை.)

அப்பாவின் தம்பியான சித்தப்பா ரொறன்ரோவில் இருந்தார். இரண்டு வேலை செய்து மகள் துஷி அக்காவை வளர்த்தவர். அவளுடைய கலியாணத்தை ஊரில் வைக்க முடிவு செய்ததும், கொழும்பில் ஒருவரிடம் ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். ஜேர்மன் கார். உள்ளே பால் நிறத் தோல் இருக்கைகள். விலையைச் சித்தப்பா தொலைபேசியில் சொன்னபோது அப்பா கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒருத்தரும் அதை ஓடிக்கொண்டு வரக்கூடாது" என்றார் சித்தப்பா. "லொறியில ஏத்தித்தான் கொண்டுவரோணும். முள்ளியவளை றோட்டில அதை நான்தான் முதல் ஓடுவன். என்ர மகளை நானே அதில ஏத்திக்கொண்டு வற்றாப்பளை அம்மனிட்டப் போகோணும். நல்ல கொம்பனியாப் பாத்து எடு. உன்னை நம்பித்தான் விடுறன்."

அந்த றோட்டால் ஒரு காலத்தில் சண்டைக்குப் பயந்து, சைக்கிளில் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஓடிப்போன மனிதர் அவர். அவருடைய ஆசை எனக்கு விளங்கியது. உடனே கணினியில் கட்டம் போட்டேன். தூசி, வெயில், கீறல், நேரம், மரியாதை என்று ஐந்து தலைப்புகள். (மரியாதையை ஏன் சேர்த்தேன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம்.)

முதலில் பேசியது கார் ஏற்றுவதையே தொழிலாகச் செய்யும் ஒரு கொழும்புக் கொம்பனியோடு. திறந்த லொறிதான், ஆனால் சில்லுகளைப் பட்டி போட்டுக் கட்டுவோம் என்றார்கள். அதோடு விடவில்லை. காப்புறுதி இருக்கிறதா, காரின் உயரம் என்ன, நாலு பக்கமும் படம் அனுப்புங்கள், இறக்குமிடத்தில் றோட்டு அகலம் என்ன என்று கேள்விக்கு மேல் கேள்வி. நிரப்பச் சொல்லி ஒன்பது பக்கப் படிவமும் வந்தது. 'இவ்வளவு தோண்டிக் கேட்கிறார்களே, ஏதோ திருட்டு நோக்கம் இருக்கிறது' என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது, வவுனியாவில் வாகனம் ஏற்றி இறக்கும் நசார் நானா. அவர் முழு விபரத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, நான் ஏத்துறது பழைய உழவு மெசின். கீறல் விழுந்தாலும் ஒருத்தரும் பாக்கமாட்டினம். உந்தக் காருக்கு என்ர லொறி சரிவராது. அந்த ஒம்பது பக்கம் அனுப்பின ஆக்களிட்டையே குடுங்கோ. அவங்களுக்குத் தொழில் தெரியும்."

தன் லொறியே சரிவராது என்று சொல்லும் ஒருவரின் புத்திமதியை எப்படி எடுப்பது? கட்டத்தில் அவருக்குப் பூச்சியம் போட்டேன்.

மூன்றாவதை இணையத்தில் கண்டுபிடித்தேன். நீல நிறத்தில் அழகான பக்கம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். "சொன்ன நேரத்துக்கு வந்தது." "எல்லாம் பிரெஷ்ஷாக வந்து சேர்ந்தது, நன்றி." "ஒன்றுகூடப் பழுதாகவில்லை." படித்துப் பரவசமானேன். அழைத்ததும் தேன் வடியும் ஓர் ஆண் குரல்.

"வணக்கம் மேடம். சொல்லுங்க மேடம்."

அவ்வளவுதான். என் மூளையில் பாதி போய்விட்டது.

"மூடின லொறி இருக்கோ?"

"முழுக்க மூடினது மேடம். எறும்பு போகாது."

"வெயில் பட்டால் தோல் இருக்கை வெடிச்சிடும்..."

"உள்ளுக்குக் குளிர் போட்டுத்தான் கொண்டு வருவோம் மேடம். உங்க ஆபீசை விடக் குளிரா இருக்கும்."

"முந்தி கார் ஏத்தியிருக்கிறீங்களோ?"

"நாங்க எல்லாம் ஏத்துவோம் மேடம்."

ஐந்து தலைப்பிலும் முழுப் புள்ளி. கட்டத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "கெட்டிக்காரி" என்று பதில் வந்தது.

கார் வரும் நாள் ஒரு சனிக்கிழமை. லொறியிலிருந்து இறக்க மேடை வேண்டும் என்பதால், எங்கள் தெரு முனையில் இருக்கும் அரிசி ஆலையின் நெல் ஏற்றும் மேடையைக் கேட்டு வைத்திருந்தோம். அதன் மறுபக்கத்தில் உழவு இயந்திரம் ஏறி இறங்கும் சரிவும் இருந்தது. காலை பத்து மணிக்கே நானும் அப்பாவும் போய் நின்றோம். அம்மா குங்குமச் சிமிழும், சில்லுக்குக் கீழே வைக்கத் தேசிக்காயும் கொண்டு வந்தார். கலியாணத்துக்காக வீட்டில் ஒரு கிழமையாக மரக்கறி. மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, பரணில் ஏற்றியாயிற்று.

பத்தரைக்கு ஒரு பெரிய லொறி வந்து ஆலைக்கு முன்னால் நின்றது. அதன் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு பாரை மீன் வரையப்பட்டிருந்தது. நான் கையை வீசிக்கொண்டு போனேன்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்கோ. எங்கட கார் வருது."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து மலைபோல ஒரு மனிதர் இறங்கினார். மரியதாஸ் அண்ணை. கடற்கரைப் பக்கத்துக்காரர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"உங்கட கார் வந்திட்டுது தங்கச்சி. உள்ளுக்குத்தான் நிக்குது."

அவர் பின்கதவைத் திறந்தார். வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் மணம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். புகை விலகியபோது, ஆழத்தில் அடுக்கியிருந்த காலி மீன் பெட்டிகளுக்கு முன்னால், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு சித்தப்பாவின் வெள்ளைக் கார் நின்றது.

"இது... மீன் லொறியெல்லோ?" என்றேன்.

"ஓம். முல்லைத்தீவிலயிருந்து கொழும்புக்கு மீன் கொண்டு போறனான். வெறுமையாத் திரும்பி வரேக்க ஒரு லோட் இருக்கு எண்டாங்கள். கார் எண்ட உடன நானும் கேட்டனான், இதுக்குள்ளயோ எண்டு. 'மேடம்தான் மூடின லொறி கேட்டவா, குளிரும் போடச் சொன்னவா' எண்டு சொன்னாங்கள். நான் வடிவாக் கழுவித்தான் ஏத்தினனான். எண்டாலும் மீன் லொறி மீன் லொறிதானே."

"எனக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே, தங்கச்சி."

அந்தக் கொம்பனிக்கு அழைத்தேன். நான் வாய் திறக்குமுன் தேன் குரல் முந்திக்கொண்டது.

"மேடம், பிரெஷ்ஷா வந்து சேர்ந்ததா?"

அந்த ஐந்து நட்சத்திரங்களை யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் அதிர்ச்சி அத்தோடு முடியவில்லை. லொறியின் உள்சுவருக்கும் காருக்கும் இடையே ஒரு சாண்தான் இடைவெளி. கார்க் கதவைத் திறக்க முடியாது. கொழும்பில் ஓர் ஒல்லிப் பேர்வழி காரை உள்ளே ஓட்டிவிட்டு, ஜன்னலால் வெளியே வந்திருக்கிறார். ஜன்னலை மூட ஆளில்லை. ஆகவே கார் எட்டு மணித்தியாலம் மீன் குளிரை உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த ஒல்லிப் பேர்வழியோ கொழும்பிலேயே நின்றுவிட்டார்.

"இப்ப ஆர் உள்ளுக்குப் போறது?" என்று அப்பா கேட்டார். மரியதாஸ் அண்ணை தன் வயிற்றைப் பார்த்தார். அப்பா தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உவள் லைசென்ஸ் வைச்சிருக்கிறாள்" என்றார் அம்மா, மூக்கைப் பொத்தியபடியே. பெற்ற தாய்! மரியதாஸ் அண்ணை லொறியைப் பின்னுக்கு எடுத்து மேடையோடு ஒட்டி நிறுத்தினார்.

சுவரோடு சுவராக நழுவி, தலையை முதலில் விட்டு, ஜன்னலால் உள்ளே விழுந்தேன். பால் நிற இருக்கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தால், வைப்பருக்குக் கீழே ஒரு சூடை மீன் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"பிரேக்கை மிதிச்சுக்கொண்டு பட்டனை அமத்துங்கோ!" வெளியிலிருந்து மரியதாஸ் அண்ணை கத்தினார். "இப்ப அந்தத் தடியைப் பின்னுக்குப் போடுங்கோ! மெல்ல... மெல்ல வாங்கோ!"

நான் படித்த கார் ஒரு பழைய சின்னக் கார். அதை நகர்த்த வேண்டுமானால் மிதிக்க வேண்டும், மன்றாட வேண்டும். இந்தக் காருக்குக் கால் விரல் பட்டாலே போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மிதித்தேன். கார் லொறியை விட்டுப் பாய்ந்து, மேடையைக் கடந்து, ஆலைக்குள் அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகளுக்குள் புகுந்து நின்றது.

மேலிருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து வெடித்தன. குளிருக்குள்ளிருந்து வெயிலுக்கு வந்த கார் அதற்குள் முழுக்க வியர்த்திருந்தது. அந்த ஈரத்தில் தவிடு பூசியது போல் ஒட்டியது. திறந்த ஜன்னலால் இருக்கையிலும், என் தலையிலும், வாயிலும் கொட்டியது. மரியதாஸ் அண்ணை கிட்ட வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"பெரிசா ஒண்டும் இல்லை, ஒரு சின்னக் கீறல்தான்" என்றார். பிறகு அடக்க முடியாமல், "இனிப் பொரிக்கிறதுதான் மிச்சம்" என்றார்.

காரைச் சரிவால் இறக்கி வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தோம். சித்தப்பா வர மூன்று நாள் இருந்தது. கச்சேரிக்கு இரண்டு நாள் லீவும் போட்டு, அந்த மூன்று நாளும் நான் கார் கழுவினேன். தேசிக்காய், வினாகிரி, கோப்பித்தூள், கரி, கற்பூரம் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் சாம்பிராணிப் புகை பிடித்தோம். மீன் சந்தைக்குள் திருவிழா நடப்பது போல இருந்தது. தெருப் பூனைகள் ஐந்து காரைச் சுற்றி நிரந்தரமாகக் குடியேறின.

சித்தப்பா வந்து இறங்கியதும் எங்களைக் கூடப் பார்க்கவில்லை. நேரே காருக்குப் போனார். கதவைத் தடவினார். ஏறி அமர்ந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றி, குளிரைப் போட்டார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... கார்க் கதவு திறந்தது.

"அண்ணி," என்றார் அம்மாவிடம், மெல்லிய குரலில். "கலியாண வீட்டில ஆர் மீன் மச்சம் சமைச்சது?"

"ஐயோ தம்பி, ஒரு கிழமைக்கு மேலா வீட்டில மரக்கறியெல்லோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். கட்டத்தைப் பற்றியும் சொன்னேன். சித்தப்பா ஒருமுறை காரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப்போனது. இருபத்தைந்து வருட உழைப்பை நான் மீன் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஏசினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் வந்த துஷி அக்கா காருக்குள் தலையை விட்டு ஒருமுறை மூச்சை இழுத்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, இவ்வளவு வருசமா நீங்கள் ஊர் மீன் மணத்தைப் பற்றித்தானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தீங்கள்!"

சித்தப்பாவின் உதடு துடித்தது. அவரும் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கலியாணத்துக்கு முதல் நாள் வற்றாப்பளைக்கு அந்தக் காரில்தான் போனோம். நாலு ஜன்னலும் திறந்திருந்தன. பட்டுச்சேலையோடு துஷி அக்கா தலையை வெளியே நீட்டியபடி வந்தாள். நந்திக்கடல் காற்று அடித்ததால் பாதி வழி தப்பினோம். கோயிலில் காருக்குத் தேசிக்காய் வைக்க வந்த ஐயர் இரண்டு அடி தூரத்தில் நின்று, "வாகனத்தை வெளிவீதியிலயே விடுங்கோ, அம்மனுக்கு இஞ்சயிருந்தே தெரியும்" என்றார். சித்தப்பா மட்டும், ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று, திரும்பும்போது முள்ளியவளைச் சந்தியை மூன்று தரம் சுற்றினார்.

காரை விற்கவும் பார்த்தோம். வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள், மரியாதையாக மூடினார்கள், போனார்கள். கடைசியில் சித்தப்பா கார்த் திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். கார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. வெயில் நாளில் மணம் தெரியாது. மழை வரும் முன், காற்றில் ஈரம் ஏறும்போது, தோல் இருக்கைக்குள்ளிருந்து அது எழும்பி வரும். வானொலி சொல்லும் மழை பிழையாகப் போனாலும் அந்த மணம் சொல்லும் மழை பிழைத்ததில்லை.

போன கிழமை சித்தப்பா தொலைபேசி எடுத்தார். அம்மா முற்றத்தில் மிளகாய் காயவிட்டிருந்தார்.

"அங்க மழையோ பிள்ளை?"

"வானம் வெளிச்சுத்தான் கிடக்கு, சித்தப்பா."

"வானத்தை விடு. கார் என்ன சொல்லுது?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடி கொட்டகைக்குப் போய், கதவைத் திறந்து மூக்கை நீட்டினேன். அடுத்த நிமிடம் முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன்:

"அம்மா, மிளகாயை அள்ளுங்கோ!"