இடம் கேட்டு மடம் பிடிக்கும் வித்தை

என்ன ஆனாலும் சரி, மனைவியிடம் 'வா' என்று மட்டும் சொல்வதில்லை. இப்படி ஒரு சபதம் எடுத்திருந்தான் அந்த உளவியல் மாணவன்.

கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை, முதுகலை படிக்க வெளியூர் வந்துவிட்டான். வரும்போது பேருந்து நிலையத்தில் மார்தட்டியிருந்தான்: "நான் சமாளிச்சுக்குவேன். நீ கவலைப்படாதே." அவன் பரம்பரையிலேயே பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். முதல் ஆள் மூக்கைச் சிந்தினால் நன்றாகவா இருக்கும்?

ஆனால் ராத்திரி அந்த வாடகை அறையில், ஒற்றைக் கட்டிலில்கூட சுவரோரம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் படுத்தான். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டான்.

மனைவிக்கு ஊரில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மாமியாரோடு இருந்தாள். தினமும் சாயங்காலம் அவன் போனில் பாடம் ஒப்பிப்பான், அவள் 'உம்' கொட்டுவாள். பரீட்சைக்கு அதுதான் அவன் தயாராகும் முறை.

சமூக உளவியல் பாடத்திலேயே அவனுக்கு வழி கிடைத்தது. ஒருவரிடம் பெரிதாக ஒன்று வேண்டுமென்றால், முதலில் சின்னதாகக் கேள். அதற்குத் தலையாட்டியவர் அடுத்ததற்கும் ஆட்டுவார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான். மேல்நாட்டு அறிஞர்கள் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை; நூலகத்தை விட்டு அவன் ஊருக்குப் போக முடியாது. 'வா' என்று சொல்லாமலே அவளை வரவழைத்துவிடலாம்!

அன்றைக்கே ஆரம்பித்தான்.

"என்னோட நீலச் சட்டை அங்கேயே இருக்கில்ல? அனுப்பி வைக்கிறியா?"

"சரிங்க."

முதல் படி! "தபால்ல போட்டா கசங்கிடும். யாராவது கையில கொண்டுவந்தா தேவலை."

"யாராவது வந்தா குடுத்து விடறேன்."

"தெரியாதவங்க கையில எப்படிக் குடுக்கிறது?"

"தெரிஞ்சவங்க கையிலயே குடுக்கிறேன்."

"ரொம்பத் தெரிஞ்சவங்களா இருந்தா இன்னும் நல்லது."

"எவ்வளவு தெரிஞ்சவங்க?"

அவன் அடுத்த படியை யோசிப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கவா? படிப்பை விட்டுட்டு வந்துடுங்களேன்."

"ஐயோ! என்னம்மா இப்படிக் கேக்கிறே? வீடே என்னை நம்பி இருக்கு. முடியாது."

"அப்போ மாசத்துல பாதி நாளாவது இங்க வந்து இருங்க."

"வருகைப்பதிவு போயிடுமே! பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"அதுவும் முடியாதா?" அவள் குரல் கம்மியது. "போகட்டும். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அங்க வரணும்னு உங்களுக்கு இருக்கா, இல்லையா?"

இரண்டு தடவை முடியாது என்று சொன்ன வாய், மூன்றாவது தடவை சொல்லக் கூசியது.

"இருக்கு," என்றான். அப்புறம் அணை உடைந்தது. "வாயேன். போன வாரம் காய்ச்சல் வந்துச்சு. நெத்தியைத் தொட்டுப் பாக்க ஆளில்லை. நானே தொட்டுப் பாத்தேன். கையும் சுட்டுது, நெத்தியும் சுட்டுது. காய்ச்சல் இருக்கா இல்லையான்னே தெரியலை. வந்துடேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"பெருசாக் கேட்டு மறுக்க வெச்சுட்டு, அப்புறம் சின்னதாக் கேட்டா கிடைச்சுடும்னு ஒப்பிச்சீங்களே, சரியாத்தான் வேலை செய்யுது."

அவனுக்கு உறைத்தது. இரண்டு வித்தையும் ஒரே பாடம். ஒப்பித்தவன் அவனே.

"அப்போ நான் சட்டையில ஆரம்பிச்சது?"

"சட்டைன்னு சொன்னதுமே புரிஞ்சுடுச்சு. தனிநபர் வேறுபாடுன்னு அடுத்த பாடம் நடத்தினீங்களே. எல்லா வித்தையும் எல்லார்கிட்டயும் பலிக்காதுங்க."

"அது கிடக்கட்டும். எப்போ வரே?"

"லீவு கேட்டுப் பாத்துட்டேங்க, தரமாட்டேன்னுட்டாங்க. அதான் வார்த்தையையாவது வாங்கி வெச்சுக்கலாம்னு."

அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது:

"அத்தை! உங்க பிள்ளை 'வா'ன்னு சொல்லிட்டாரு! பந்தயப்படி இன்னிக்குப் பாத்திரம் நீங்கதான் தேய்க்கணும்!"