ஹோல்டானும் நரம்பு டாக்டரும்

எமனே எருமையில் வந்தாலும் "ஹோல்டான்!" என்று நிறுத்தி, படியில் நிற்காமல் உள்ளே போகச் சொல்லக்கூடியவர் செந்துறை–அரியலூர் ரோட்டில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பஸ் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது, ஹோல்டான் என்றால் தெரியும். நான் அந்த பஸ்ஸில் ஆபீஸ் போய்வந்த எழுபதுகளின் கடைசியில், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் ஹோல்டான் போட்டுவிட்டார். போட்டோக்காரர் பந்தியில் இருந்தாராம். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் வலது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை. அதுவரை இடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வலி போய், பாதமே மரத்துவிட்டது. அரியலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"நரம்பு டாக்டரைத்தான் பாக்கணும்" என்றார் அவர்.

ஹோல்டானுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று நரம்பு டாக்டர் என்றால் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு, ஆண்களுக்கு ரகசியமாக லேகியம் கொடுப்பவர்.

"எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு சார்! லாட்ஜுக்கு நான் எதுக்குப் போவணும்?"

"அட, இவரு மூளை, முதுகுத்தண்டுல எல்லாம் ஆபரேஷன் பண்றவருய்யா. உங்க தண்டுல ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குது. விட்டா கால் வெளங்காது."

நரம்பு என்று சொல்ல வெட்கப்பட்டு, டிப்போவில் ஹோல்டான் மூளை ஆபரேஷன் என்று சொல்லி வைத்தார். மூளைக்குக் கௌரவம் அதிகம் இல்லையா! பயணிகள் அவருடைய ஞாபகத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, இது எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்பம்?"

"ஒன் ஊருதான்டா, எறங்கு!"

சிரித்தோமே தவிர, எனக்கு உள்ளூர உதறல். கால் போனால் கண்டக்டர் வேலை ஏது? மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்றார்.

"எது சார்?" என்றார் ஹோல்டான்.

ஆபரேஷன் அன்று, தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரிலிருந்து "ஹோல்டான்!" என்று ஒரு சத்தம். தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்றுவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரைட் குடுங்க சார். எனக்கு வாய் வரல."

எப்படியோ, "ரைட்... போலாம்" என்றேன்.

சாயங்காலம் நர்ஸ் போர்வையை விலக்கி, விரலை ஆட்டச் சொன்னார். வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அப்புறம், கொஞ்சமாக, அசைந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதன்பிறகும் பல வருஷம் அவர் ரைட் கொடுத்து எத்தனையோ பேரை ஊர் சேர்த்தார். நான் கொடுத்த ரைட் அந்த ஒன்றுதான். அது அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது.